ஐயக் கிண்ணம்

பத்தொன்பது ஆண்டுகள் அவள் பிறருக்கு வேலை தேடித் தந்தாள். அந்த ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் பெயர்ப்பலகை அப்படித்தான் சொல்லிக்கொண்டது. உண்மையில் அவள் வேலை தந்தவர்களைவிட, இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்களே பன்மடங்கு. நூறு பேர் வந்தால் மூவருக்கு வேலை. ஏனையோருக்கு ஒரு கடிதம். அக்கடிதத்தை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல்தான் அனுப்பவேண்டும் என்பது விதி. அடுத்த இரண்டு நாளும் விடுமுறையாதலால், கோபம் வந்தவர் அதை வீட்டிலேயே ஆற்றிக்கொள்வார்; திங்கட்கிழமை தொலைபேசி அலறாது. இவ்விதியை வகுத்தவளே அவள்தான் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது முறை.

அவளுடைய மேசையின்மேல் மூன்று தட்டுகள் இருந்தன. ஒன்றில் ‘ஆம்’, இன்னொன்றில் ‘இல்லை’, நடுவிலிருந்ததில் ‘பார்ப்போம்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. ஒரு மனிதரின் படிப்பு, உழைப்பு, இடைவெளிகள், முகவரி மாற்றங்கள் அனைத்தையும் அவள் ஆறு நொடியில் படித்து, உரிய தட்டில் போட்டுவிடுவாள். அதனாலேயே அலுவலகத்தில் அவளுக்கு ‘ஆறு நொடி’ என்று பெயர் விழுந்திருந்தது. அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

‘பார்ப்போம்’ தட்டில் விழுந்தவர்களுக்குப் போகும் கடிதம் தனி வகை. ‘தங்கள் விவரங்கள் எங்கள் கோப்பில் பாதுகாக்கப்படுகின்றன; பொருத்தமான வாய்ப்பு வரும்போது அழைக்கப்படுவீர்கள்.’ யார் பாதுகாக்கிறார், யார் அழைப்பார் என்று தேடினால் அந்த வாக்கியத்தில் ஒருவரும் அகப்படமாட்டார். அலுவலகத்திலும் அகப்படமாட்டார். மாதத்தின் கடைசி வேலைநாளில், மாலை ஐந்து மணிக்கு, அத்தட்டிலுள்ள தாள்கள் அனைத்தும் காகிதம் கிழிக்கும் இயந்திரத்திற்குள் போய்விடும். தட்டைத் துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு அவள் வீட்டுக்குக் கிளம்புவாள். இதைப் பொய் என்னாமல் நடைமுறை என்று அழைப்பதற்கு ஓர் அலுவலகமும் அதற்கொரு முத்திரையும் தேவைப்படுகின்றன. தெருவில் ஒருவர் செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு மாதக் கடைசியில், கிழிபட்ட தாளின் இழை ஒன்று அவளுடைய சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிட்டது.

அவளுடைய கணவர் பல்செட் செய்பவர். வீட்டின் முன்னறையே அவருடைய பட்டறை. அச்செடுத்த சுண்ணத் தாடைகள் அலமாரியில் வரிசையாக, யாருடைய வாயிலும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். அவர் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தவர், தலை நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா அது, கையில புழு மாதிரி?”

அவள் எடுத்துப் பார்த்தாள். வெள்ளை இழையில் ஒரே ஒரு வரி முழுதாகத் தப்பியிருந்தது: ‘எந்த வேலையாக இருந்தாலும்’.

“யாரு எழுதினது?”

“தெரியலைங்க.”

“ஆறு நொடியாவது பாத்திருப்பியே?”

அவர் கேலியாகத்தான் கேட்டார். அவளால் சிரிக்க முடியவில்லை. அவர் அந்த இழையை வாங்கி, ஒரு சொட்டு மெழுகு வைத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினார். அது அங்கேயே இருந்தது.

அன்றிலிருந்துதான் அவர்கள் வரத் தொடங்கினார்கள். காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் படரும் ஆவிக்குப் பின்னால், அலுவலகத்தின் காத்திருப்பறை தெரிந்தது. பதினேழு நாற்காலிகள், பதினேழு பேர், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கோப்பு. பேருந்தில் அவள் உட்கார்ந்தால் சன்னலுக்கு வெளியே அந்த நாற்காலிகளும் கூடவே ஓடிவந்தன. அவர்கள் திட்டவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. எங்கேனும் ஒரு கதவு திறக்கும் ஓசை கேட்டால், பதினேழு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. அவ்வளவுதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் வாரம் அவள் வேலையை விட்டாள். தாவரத் தோட்டத்தின் விதைக் காப்பகத்தில் விதை பிரிப்பவர் ஒருவர் தேவையென்ற அறிவிப்பைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்திருந்தாள். இடம் ஒன்று, மூன்று வாரச் சோதனைக்கு இருவரை எடுப்பார்கள், முடிவில் ஒருவரே நிற்பார். ‘பொறுமையாகப் பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும்’ என்பதைத் தவிர அதில் வேறு தகுதி கேட்டிருக்கவில்லை. அந்த வரியைப் படித்தபோது, தனக்கு வேண்டியது இந்த வேலைகூட இல்லை, இந்த வரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. கிடைக்காவிட்டால் திரும்பிப் போக இடமில்லை. ஏனெனில் அவளுடைய நாற்காலியை அவளே நேர்காணல் செய்து இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

நாத்தனார் செய்தி கேட்டு வந்தாள். தன் மாமியாரின் பல்செட்டை வாங்கிப் போகும் சாக்கில்.

“ஏன் அண்ணி, ஊருக்கெல்லாம் வேலை குடுத்துட்டு இப்ப நீங்களே போய் வரிசையில நிக்கப் போறீங்களா?”

“ஆமா.”

“வயசு நாப்பத்தி நாலு. உங்க பயோடேட்டா உங்ககிட்டயே வந்தா எந்தத் தட்டுல போடுவீங்க?”

அவள் சற்று யோசித்தாள். “பார்ப்போம் தட்டுல.”

“அப்ப சரி. அண்ணே, நீயும் கேட்டுக்கோ.”

“கேட்டுட்டேன்” என்றார் கணவர், பல்செட்டைத் தாளில் சுற்றிக்கொண்டே. “இந்தா, உன் மாமியார் பல்லு. பத்திரம். இனிமே அவங்களும் திருப்பிக் கடிப்பாங்க.”

காப்பகம் தோட்டத்தின் பின்கோடியில், மரங்களுக்கிடையே தாழ்ந்து நீண்ட ஒரு கட்டடம். உள்ளே போனால் உலர்ந்த தாளின் மணம். இரண்டாம் கதவுக்கு அப்பால் குளிரறை. அங்கே பேசினால் சொற்கள் புகையாகி, சொன்னவர் முகத்திற்கு முன்னாலேயே சற்று நேரம் நின்றன. இழுப்பறை இழுப்பறையாக, ஆயிரக்கணக்கான செடிகள் தாம் செடிகளென்று அறியாமல் உறங்கிக்கொண்டிருந்தன. அவ்வறையில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. பேசக்கூடாதென்று விதியில்லை; தோன்றுவதில்லை.

காப்பக அதிகாரியான பெண்ணுக்கு முப்பது வயதுதான் இருக்கும். முழங்கால்வரை நீண்ட கம்பளிச் சட்டையும் காதில் செருகிய பென்சிலுமாக இருந்தார். “வாங்கக்கா, உக்காருங்க. இங்க எல்லாமே மெதுவாத்தான்” என்று சொல்லி, அவளை ஒரு பெரிய உருப்பெருக்கிக்கு முன்னால் அமர்த்தினார். மென்தூரிகையால் விதைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, மூன்று கண்ணாடிக் கிண்ணங்களில் பிரிக்கவேண்டும். இடக் கிண்ணம் நல்லவற்றிற்கு. வலக் கிண்ணம் வெறுங்கூடுகளுக்கு. அவை குப்பைக்குப் போகும். நடுக் கிண்ணம் ஐயத்திற்கு. உள்ளே உயிர் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாதவற்றை அதில் இட்டு, எண்ணி, தாளுறையில் போட்டு, யார் ஐயுற்றார், ஏன் ஐயுற்றார் என்று ஒரு சீட்டும் எழுதி, குளிரறையில் வைக்கவேண்டும். பிறகு அவற்றை ஈரத்தாளில் பரப்பி இருபத்தெட்டு நாள் பார்ப்பார்கள். சுவரில் எழுதியிருந்தது: ‘ஐயம் நீங்கும்வரை எதையும் எறியக் கூடாது.’

மூன்று கிண்ணங்களையும் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. எங்கே போனாலும் இவை முன்னால் போய் உட்கார்ந்துகொள்கின்றனவே என்று நினைத்தாள்.

அடுத்த இருக்கையில், அவளோடு சோதனைக்கு எடுக்கப்பட்ட இன்னொருவர். இருபத்திரண்டு ஆண்டுகள் முடிதிருத்துநராக இருந்தவர்.

“தோள் போயிடுச்சுக்கா. கையத் தூக்க முடியல. கண்ணு மட்டும் மிச்சம்” என்றார் முதல் நாளே. “நீங்க?”

“ஆளெடுக்கிற கம்பெனியில இருந்தேன்.”

“அடடா. எனக்கு ஒருதடவை அந்த மாதிரி ஒரு எடத்துலேருந்து லெட்டர் வந்துச்சு. கோப்புல வச்சிருக்கோம்னு. நான் ஒரு வருஷம் போன் நம்பரையே மாத்தல.”

அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

“எங்க தொழில்ல ஒரு நிம்மதிக்கா. தப்பா வெட்டிட்டாலும் ரெண்டு மாசத்துல வளந்துடும். அந்தத் தைரியத்துலதான் இத்தன வருஷம் ஓடுச்சு.”

நாள்கள் நழுவின. பிற்பகல்களில் மேற்குச் சன்னல் வழியே வெயில் சரிந்து, கண்ணாடி வட்டத்திற்குள் விழும். அப்போது விதைகள் விதைகளாக இருப்பதில்லை. சுருங்கிய தோளும் மடக்கிய கையுமாக ஒவ்வொன்றும் ஓர் ஆள்போல ஒளியில் உட்கார்ந்திருக்கும். அவள் தூரிகையால் தொட்டால் இலேசாகத் திரும்பிப் படுக்கும். மேசைக்கு அப்பால் பதினேழு நாற்காலிகளும் வந்து, நிழலில் வரிசையாக நின்றன. அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யார் எந்தக் கிண்ணத்திற்குப் போகிறாரென்று.

கனவு அவளுடையதாயினும் கை பழைய கைதான். முடிதிருத்துநர் ஒரு தொகுதி முடிப்பதற்குள் அவள் மூன்று முடித்தாள்.

“அக்கா, இவ்வளவு வேகம் வேணாம்” என்றார் அதிகாரி.

“பாத்துதான் போடுறேன் மேடம்.”

“பாக்குறீங்க. நான் இல்லங்கல.” அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை ஓர் உறை வந்தது. ஒரே ஒரு மலைச்சரிவில் மட்டும் வளர்ந்த செடி. அந்தச் சரிவும் மழையில் பெயர்ந்து போய்விட்டது. எஞ்சியது அந்த உறைதான். கடுகில் பாதியளவான விதைகள். அதிகாரி அதை இரண்டு கைகளாலும் கொண்டுவந்து அவள்முன் வைத்தார். “உங்களை நம்பித் தரேன்கா.” மாலைக்குள் நல்லவை பத்தொன்பது, கூடுகள் எண்பத்திரண்டு. நடுக் கிண்ணத்தில் நாற்பத்தொன்று.

அன்று மாதத்தின் கடைசி வேலைநாள். ஐந்து மணி அடித்தது. வெயில் தேனாகத் தேங்கிக் கிடந்தது. அவள் கண்கள் பாதி மூடியிருந்தன. மேசையைத் துடைத்தாள். பத்தொன்பதையும் உறையிலிட்டு எண்ணிக்கை எழுதினாள். வலக் கிண்ணத்தைக் குப்பையில் தட்டினாள். பிறகு நடுக் கிண்ணத்தை எடுத்து, அதையும் குப்பையில் கவிழ்த்து, கழுவி, துடைத்து, தலைகீழாக வைத்துவிட்டு, விடைபெற்றுக் கிளம்பினாள். இருநூறு மாதங்களுக்கு மேலாக அந்தக் கை, அந்த நாளில், அந்த நேரத்தில் செய்துவந்த வேலை அது. அது அவளைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை, பேருந்துச் சன்னலுக்கு வெளியே காத்திருப்பறை ஓடிவந்தது. பதினேழு நாற்காலிகளும் காலியாக இருந்தன.

போய்விட்டார்கள் என்று அவளுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. ஒரு நிறுத்தம்வரை அந்த ஆறுதல் நீடித்தது. அடுத்த நிறுத்தத்தில், அந்த அறை எப்போது அப்படிக் காலியாகும் என்பது நினைவுக்கு வந்தது. இயந்திரம் ஓடி முடித்தபிறகு. அவள் தன் வலக் கையைத் திருப்பிப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த கிண்ணத்தின் ஈரம் இன்னும் விரல் நுனியில் இருப்பதுபோல் இருந்தது.

அவள் போனபோது பதிவேடு மேசைமேல் திறந்திருந்தது. நல்லவை: 19. ‘ஐயம்’ என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை. அதில் ஒரு சுழி இட்டு, கூடுகளின் எண்ணிக்கையை நூற்று இருபத்து மூன்று என்று எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிடும். அப்படி எழுதுவது எப்படி என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. வெள்ளிக்கிழமையோடு சோதனைக் காலம் முடிகிறது. வேகத்தில் அவளே முன்னால் இருந்தாள்.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிறீங்க?” என்றார் முடிதிருத்துநர்.

அவள் பதிவேட்டை மூடி, கையில் எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குப் போனாள்.

“மேடம், நேத்து நடுக் கிண்ணத்துல நாப்பத்தொண்ணு இருந்துச்சு. நான் குப்பையில கொட்டிட்டேன்.”

“கை தவறியா?”

“இல்ல. கைப்பழக்கத்துல.”

அதிகாரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மேசையில் நேராக வைத்தார்.

“குப்பையை எரிக்க எடுத்துட்டுப் போற வண்டி நாளைக்குத்தான். பை பின்னாடிக் கொட்டகையில இருக்கும். ஒரு வாரத்துக் குப்பை.”

“தேடட்டுமா?”

“தேடுங்க. ஆனா இன்னிக்கு, நாளைக்கு, நாளன்னிக்கு, மூணு நாளும் அதுக்கே போயிடும். உங்க பேருல வேற வேலை எதுவும் ஏறாது.”

“தெரியும்.”

கொட்டகையில் ஒரு பழைய மேசை. பையை அவிழ்த்ததும் உமியும் செதிலும் சிறகுத் துணுக்குகளும் மேலெழுந்து, வெயிலில் மெல்லச் சுழன்று, அவள் தலைமுடியில் இறங்கின. ஒரு பிடி எடுத்தாள். வெள்ளைத் தாளில் பரப்பினாள். பார்த்தாள். ஒரு பிடிக்கு அரைமணி நேரம். அரைமணிக்கு ஒரு விதை கிடைத்தால் அதிகம். இரண்டாம் நாள் நண்பகலில்தான் அவளுக்கு ஒன்று தோன்றியது: தான் இதுவரை எதையும் பார்த்ததில்லை, தேவையில்லாததைத் தள்ளத்தான் பார்த்திருக்கிறோம். இப்போது ஒவ்வோர் உமியையும் இதுவாக இருக்குமோ என்று பார்க்கவேண்டியிருந்தது. இரண்டிற்கும் ஒரே கண்தான். ஆனால் உமிகள் அழகாக இருந்தன. சிலவற்றில் நரம்புகள் இருந்தன. சில மீன்செதில்போல நிறம் மாறின.

முடிதிருத்துநர் தம் உணவு நேரத்தில் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“நகருங்கக்கா. பேன் பாக்குறதுல நான் பட்டம் வாங்காத பேராசிரியர்.”

“உங்க வேலை கெட்டுடும்.”

“சோத்து நேரத்துல பாக்குறதுக்கு யாரு கேக்கப் போறா? தோ, இதுதானே?”

“இல்ல, அது தூசி.”

“தூசிக்கு இவ்வளவு அழகா ஒரு மூக்கு எதுக்கு?”

வியாழக்கிழமை வந்த வண்டி, அந்த ஒரு பையை விட்டுவிட்டுப் போயிற்று. வெள்ளிக்கிழமை பிற்பகலில் பையின் அடி தெரிந்தபோது முப்பத்தாறு கிடைத்திருந்தன. ஐந்து கிடைக்கவில்லை. அவள் பையை உதறி, மடித்து, இன்னொருமுறை உதறிப் பார்த்தாள்.

கொட்டகைக் கதவில் நிழல் விழுந்தது. அதிகாரி. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்: நான்கு மணி. வெள்ளிக்கிழமை நான்கு மணி. அவளுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது.

“அக்கா, வேலையை அவருக்குத் தரேன்.” அதிகாரி நின்றபடியே, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார். “நான்தான் முடிவு பண்ணேன். நீங்க நல்லாப் பாக்குறீங்க. ஆனா உங்க கை உங்களுக்கு முன்னாடி போகுது. அது எனக்குப் பயமா இருக்கு.”

வலித்தது. இருந்தும், பத்தொன்பது ஆண்டுகளில் தான் ஒருவருக்கேனும் இப்படி நேரில் வந்து சொன்னதில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

“சரிங்க மேடம்.”

“உங்க பேரை நாங்க…”

“அதை மட்டும் சொல்லாதீங்க” என்றாள் அவள். “இந்த முப்பத்தாறையும் நானே உள்ள வச்சுட்டுப் போறேன். அது போதும்.”

தாளுறையில் இட்டு, சீட்டு எழுதினாள். ஐயுற்றவர் என்ற இடத்தில் தன் பெயரை முழுமையாக எழுதினாள். இருவரும் குளிரறைக்குள் போனார்கள். ஐயத்திற்குரிய இழுப்பறைகள் கடைசி வரிசையில் இருந்தன. முதலாவதை அவள் இழுத்தாள், வரவில்லை. அவ்வளவு நிறைந்திருந்தது. பலமாக இழுத்ததும் உறைகள் பிதுங்கின. ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய சீட்டு, எட்டு ஆண்டுகளுக்கு முந்தையது, பதினொன்று. இரண்டாம் இழுப்பறையும் அப்படியே. ஐந்தும் அப்படியே.

“இதெல்லாம் ஈரத்தாள்ல போட்டுப் பாத்ததா மேடம்?”

அதிகாரியின் வாயிலிருந்து புகை மட்டும் வந்தது. சொல் பிறகுதான் வந்தது. “நேரமில்லக்கா. ஆளும் இல்ல. பாப்போம், பாப்போம்னு…”

அவர் அச்சொல்லை முடிக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சுட்டது, அந்தக் குளிரிலும். சுவரில் அவ்வளவு பெரிய எழுத்தில் விதி. இழுப்பறையில் பதினோராண்டு உறக்கம். இங்கேயும் அதே தட்டுதான். கிழிக்கும் இயந்திரம் மட்டுமே இல்லை.

“உண்மையைச் சொல்றேன்கா” என்றார் அதிகாரி. “நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நீங்க கொட்டினீங்க. நாங்க பூட்டி வச்சோம். ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?”

“வித்தியாசம் இருக்கு. இதை இன்னும் திறக்கலாம்.” அவள் இழுப்பறையை முழுவதுமாக வெளியே இழுத்தாள். “இதுக்கு ஓர் ஆள் வேணும் மேடம்.”

“யாரு வருவா? ஒரு உறைக்கு இருபத்தெட்டு நாள். பாதிக்கு மேல முளைக்காது.”

“என்ன தகுதி கேப்பீங்க?”

“நீங்களே சொல்லுங்க. உங்க தொழில்தானே?”

“பார்ப்போம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, பத்தொன்பது வருஷம் பாக்காம இருந்த ஆளா இருந்தா நல்லது. மறுபடி அப்படிச் சொல்ல வாய் வராது. கை முன்னாடி போனாலும் பாதகமில்ல. இருபத்தெட்டு நாளும் தொடக்கூடாது, இல்லையா? கைக்கு வேலையே இல்ல.”

அதிகாரி முதன்முறையாகச் சிரித்தார். “அரைநாள்தான் கேக்க முடியும். அதுவும் மேல கேக்கணும்.”

“கேளுங்க. ஆமாவோ இல்லையோ, திங்கக்கிழமை காலையில சொல்லிடுங்க.”

திங்கட்கிழமை ஒன்பது பத்துக்குத் தொலைபேசி அடித்தது. மெழுகுக் கையோடு கணவர்தான் எடுத்தார்.

“வரச் சொல்றாங்க. மதியம் வரைக்கும்தானாம்.”

“மதியத்துக்கு மேல என்ன செய்றதுங்க?”

“எனக்குப் பல்லுக்குப் பாலிஷ் போட ஓர் ஆள் வேணும். பயோடேட்டா கொண்டு வா, பாத்துட்டுச் சொல்றேன். ஆறு நொடி போதும்.”

அவள் முதலில் பரப்பியது அந்த முப்பத்தாறைத்தான். நாள்தோறும் காலையில் மூடியைத் திறந்து பார்த்தாள், தொடவில்லை. இருபதாம் நாள் வரை ஒன்றுமில்லை. இருபத்து மூன்றாம் நாள் ஒரு விதையின் விளிம்பு வெடித்து, வெண்ணிழை ஒன்று வெளியே நீண்டிருந்தது. பட்டறைச் சுவரில் மெழுகிட்டு ஒட்டியிருந்த அதே இழைபோல, எங்கே போவதென்று அறியாத ஒரு வளைவோடு. இருபத்தெட்டாம் நாளில் அப்படி நான்கு. எஞ்சிய முப்பத்திரண்டையும் அவள் ஒவ்வொன்றாக, கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்து, பார்த்ததாகச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே விடை கொடுத்தாள்.

பிறகு கீழ் இழுப்பறையிலிருந்து அடுத்த உறையை எடுத்தாள். பதினோராண்டுக்கு முன் யாரோ எழுதிய சீட்டு மங்கியிருந்தது: ‘கனம் குறைவு. ஆயினும்.’ அதற்குமேல் எழுத அவருக்கு நேரம் இருந்திருக்காது. மேற்குப்புற நிழலில் நாற்காலிகள் வந்து நின்றன. பதினேழிலும் ஆட்கள் இருந்தார்கள். மடியில் கோப்புகள் இருந்தன. அவள் ஈரத்தாளை விரித்து, ஓரங்களை நீவி, சீட்டிலிருந்த செடியின் பெயரைத் தெளிவாக, உரக்கப் படித்தாள்.

“உள்ள வாங்க. உக்காருங்க” என்றாள்.

முதல் நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது.